பதினோரு வருஷ ஆர்டர் இருந்தும் விமானம் ஏன் தாமதமாகிறது?

திருமுடிவாக்கம் சிட்கோ எஸ்டேட்டில் மெஷினிங் யூனிட் நடத்தும் நண்பர் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்: "சார், ஏர்பஸ் கையில் 8,600 விமானத்துக்கு மேல் ஆர்டர் நிலுவை இருக்கிறது, 11 வருஷத்துக்கு வேலை நிச்சயம் என்கிறார்கள். நான் கார் பாகம் செய்கிறவன். இதை நம்பிக் கடன் வாங்கி ஒரு ஃபைவ் ஆக்சிஸ் மெஷின் போட்டு விமான பாகத்துக்கு மாறலாமா? இவ்வளவு ஆர்டர் இருந்தும் விமானம் ஏன் நேரத்துக்குப் போய்ச் சேருவதில்லை?"

அம்பத்தூரிலும் ஸ்ரீபெரும்புதூர் பக்கமும் விமான பாகம் செய்யும் யூனிட்டுகளில் 22 வருஷம் இருந்திருக்கிறேன். முதலில் தரக்கட்டுப்பாடு, அப்புறம் உற்பத்தித் திட்டமிடல். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். உங்கள் இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். நிலுவை எண் வாங்குகிறவர்களின் பசியைக் காட்டுகிறது. சமைக்கிறவரின் அடுப்பில் எத்தனை பர்னர் எரிகிறது என்பதை அது காட்டாது. நீங்கள் பார்க்க வேண்டியது அடுப்பை.

முதலில் அந்த 11 வருஷம் எப்படி வந்தது என்று பார்ப்போம். 2024 டிசம்பர் முடிவில் ஏர்பஸ்ஸின் நிலுவை 8,658 விமானங்கள். அந்த வருஷம் முழுக்க அவர்கள் ஒப்படைத்தது 766. வகுத்தால் 11-க்குச் சற்று மேல் வரும். இதே கணக்கைப் போயிங்குக்கும் போடுங்கள். நிலுவை 5,500-க்கு மேல், அந்த வருஷம் ஒப்படைத்தது 348. கிட்டத்தட்ட 16 வருஷம் வரும். அப்படியானால் போயிங்தான் பலமான கம்பெனியா? இல்லை. 2018-ல் 806 விமானம் கொடுத்த கம்பெனி 348-க்கு இறங்கிவிட்டது. வகுக்கிற எண் சுருங்கியதால் வருஷக்கணக்கு நீண்டுவிட்டது, அவ்வளவுதான். நிலுவை எத்தனை வருஷம் என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அது ஆர்டர் பெருகியதால் வந்ததா, டெலிவரி படுத்ததால் வந்ததா என்று முதலில் கேளுங்கள்.

இந்த வரிசையில் யார் யார் நிற்கிறார்கள்? நம் ஊரிலிருந்தே பார்க்கலாம். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களில் இண்டிகோவின் நீல வால்தான் அதிகம் கண்ணில் படும். அந்த நிறுவனம் 2006 ஆகஸ்டில் பறக்கத் தொடங்கியது. ஆனால் அதற்கு முந்தைய வருஷமே, ஒரு விமானம்கூட இல்லாத நிலையில், பாரிஸ் விமானக் கண்காட்சியில் ஏர்பஸ்ஸின் ஏ320 ரக விமானங்கள் 100-க்கு ஆர்டர் கொடுத்துவிட்டது. அப்புறம் 2011-ல் 180, 2015-ல் 250, 2019-ல் 300. 2023 ஜூனில் ஒரே கையெழுத்தில் 500. அதுவரை உலகில் எந்த நிறுவனமும் ஒரே தடவையில் அவ்வளவு வாங்கியதில்லை. அந்த 500-ம் 2030-லிருந்து 2035 வரை வர வேண்டியவை. அதாவது இன்று எல்.கே.ஜி.யில் இருக்கும் குழந்தை ஹைஸ்கூல் போகும் நேரத்தில் வரப்போகிற விமானத்துக்கு இப்போதே இடம் பிடித்திருக்கிறார்கள். ஏர் இந்தியாவும் 2023-ல் 470 விமானங்களை ஏர்பஸ்ஸுக்கும் போயிங்குக்கும் பிரித்துக் கொடுத்தது. அடுத்த வருஷம் ஏர்பஸ்ஸிடம் மட்டும் இன்னும் 100. ஆகாசா 2024 ஜனவரியில் போயிங்கின் 737 மேக்ஸ் விமானங்கள் 150-க்குச் சொல்லி வைத்தது.

ஏன் இப்படி முந்திக்கொள்கிறார்கள்? நடுத்தர அளவு பயணிகள் விமானத்தைப் பெரிய அளவில் செய்து தரக்கூடியவர்கள் உலகத்தில் இரண்டே பேர். சீனாவின் கோமாக் 2023-ல் சி919-ஐச் சேவைக்கு விட்டுவிட்டது என்றாலும், அதற்கும் இன்ஜின் வருவது ஏர்பஸ்ஸுக்கும் போயிங்குக்கும் இன்ஜின் தரும் அதே சிஎஃப்எம் கம்பெனியிடமிருந்துதான். கடை இரண்டு, வாங்க வருகிறவர் நூறு பேர். அங்கே விமானத்தைவிட, அது கைக்கு வரும் தேதிக்குத்தான் மதிப்பு அதிகம். துறையில் அதை ஸ்லாட் என்பார்கள். 2030-ல் எனக்கு 40 ஸ்லாட் இருக்கிறது என்று சொல்லக்கூடிய நிறுவனம், போட்டியாளர் நுழைய முடியாதபடி பாதையையே அடைத்துவிடுகிறது.

இந்த வரிசையில் நிற்கிற எல்லோரும் கடைசிவரை நிற்பார்கள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். கிங்ஃபிஷர், ஏர்பஸ்ஸின் இரண்டடுக்குப் பெரிய விமானமான ஏ380 ஐந்துக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. ஒன்றுகூட வரவில்லை, 2012-ல் கம்பெனியே நின்றுபோனது. ஜெட் ஏர்வேஸ் 200-க்கு மேல் மேக்ஸ் விமானங்களுக்குச் சொல்லிவிட்டு 2019 ஏப்ரலில் தரையிறங்கியது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் திவால் மனு போட்டபோது ஏர்பஸ்ஸிடம் அதன் ஆர்டர் பாக்கி இருந்தது. இதைவிடப் பெரிய பாடம் ஏ380-தான். எமிரேட்ஸ் தன் ஆர்டரைக் குறைத்ததும் 2019 பிப்ரவரியில் அந்த விமானத்தின் உற்பத்தியையே நிறுத்தப் போவதாக ஏர்பஸ் அறிவித்துவிட்டது. மொத்தம் 251 விமானத்தோடு கதை முடிந்தது. இப்போது ஏ320-க்கு அந்த பயம் கிடையாது. ஒருவர் விலகினால் அந்த ஸ்லாட்டை வாங்க நாலு பேர் காத்திருக்கிறார்கள். ஆனாலும் நிலுவை என்பது வங்கியில் போட்ட பணமல்ல என்பது நினைவில் இருக்கட்டும்.

பணம் எப்போது வருகிறது என்பதும் முக்கியம். ஆர்டர் கொடுக்கும்போது விமான நிறுவனம் கட்டுவது சிறிய முன்பணம். டெலிவரிக்கு முந்தைய ஓரிரு வருஷத்தில் தவணை தவணையாகக் கொஞ்சம் வரும். பெரும் பகுதி, விமானத்தைச் சோதித்துப் பார்த்து, காகிதத்தில் கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்கும் நாளில்தான். 99 சதவீதம் முடிந்த விமானம் கம்பெனிக்கு வருமானம் இல்லை, செலவு. 2025 ஜூன் முடிவில் ஏர்பஸ்ஸிடம் அப்படி 60 விமானங்கள் நின்றன. இறக்கை, வால், சக்கரம், பெயின்ட் எல்லாம் முடிந்தவை. இன்ஜின் மட்டும் இல்லை. இன்ஜின் மாட்ட வேண்டிய இடத்தில், விமானம் பின்பக்கம் சாயாமல் இருக்க எடைக்கட்டியைத் தொங்கவிட்டிருப்பார்கள். துறையில் அவற்றுக்குக் கிளைடர் என்று பெயர். கோடிக்கணக்கான பொருள் வெயிலில் நிற்கிறது. உங்கள் ஷாப்பில் ஒரே ஒரு போல்ட் வராததால் 500 அசெம்ப்ளி ரேக்கில் கிடந்த நாளை நினைத்துப் பாருங்கள், அதுதான் இது.

சரி, இன்ஜின் ஏன் வரவில்லை? இங்கேதான் விஷயத்தின் ஆழம் இருக்கிறது.

புது ரக இன்ஜின் வைத்த ஏ320-தான் ஏ320நியோ. அதற்கு இரண்டு இன்ஜின் வாய்ப்பு. ஒன்று சிஎஃப்எம் லீப், இன்னொன்று பிராட் அண்ட் விட்னியின் ஜிடிஎஃப். பழைய இன்ஜினைவிட சுமார் 15 சதவீதம் எரிபொருள் மிச்சம் என்பதால்தான் உலகமே நியோ வாங்க ஓடியது. அந்த மிச்சம் சும்மா வரவில்லை. உள்ளே வெப்பமும் அழுத்தமும் கூடியிருக்கின்றன, உலோகம் தன் எல்லைக்குப் பக்கத்தில் வேலை செய்கிறது. 2023 ஜூலையில், சில வருஷங்களாகத் தயாரித்த டர்பைன் டிஸ்க்குகளின் உலோகப் பொடியில் மாசு கலந்திருந்ததாக பிராட் அண்ட் விட்னியின் தாய் நிறுவனம் அறிவித்தது. டிஸ்க்கில் விரிசல் விடக்கூடும். அதனால் ஏற்கெனவே திட்டமிட்டதற்கு மேல் 600-லிருந்து 700 இன்ஜின்களைக் கழற்றிப் பார்க்க வேண்டி வந்தது. ஒரு இன்ஜினைக் கழற்றி, பிரித்து, சரிசெய்து திரும்ப மாட்ட 300 நாள் வரை ஆகும் என்றார்கள். இண்டிகோவின் பல பத்து விமானங்கள் தரையில் நின்றன. தங்கள் விமானங்களில் பாதி நிற்பதற்கு அந்த இன்ஜின்தான் காரணம் என்று கோ ஃபர்ஸ்ட் சொன்னது.

இதில் ஒரு சங்கடம் ஒளிந்திருக்கிறது. இன்ஜின் கம்பெனியின் ஷாப்பிலிருந்து வெளியே வரும் நல்ல பிளேடும் டிஸ்க்கும் ஒரே குவியல்தான். அதைப் புது இன்ஜினில் போட்டால் ஏர்பஸ்ஸின் டுலூஸ் ஆலையில் நிற்கும் கிளைடர் பறக்கும். பழுதுபார்க்கும் ஷாப்புக்கு அனுப்பினால் டெல்லியிலோ சென்னையிலோ நிற்கும் பழைய விமானம் பறக்கும். ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவர் கத்துவார். நிலுவை எண்ணில் இது எதுவும் தெரியாது.

இன்ஜினைத் தாண்டினால் 2020 வருகிறது. கோவிட் வந்ததும் ஏர்பஸ் ஏ320 உற்பத்தியை மாதம் 60-லிருந்து 40-க்கு வெட்டியது. போயிங்குக்கு அதற்கு முன்பே அடி. இந்தோனேசியாவிலும் எத்தியோப்பியாவிலும் இரண்டு மேக்ஸ் விமானங்கள் விழுந்து 346 பேர் இறந்தார்கள். 2019 மார்ச்சிலிருந்து 20 மாதம் மேக்ஸ் பறக்கவில்லை. 2020 முழுக்க போயிங் கொடுத்தது 157 விமானம்தான். மேலே இப்படி வெட்டினால் கீழே என்ன ஆகும்? ஃபோர்ஜிங் கடைக்காரர், காஸ்டிங் கடைக்காரர், ஹீட் ட்ரீட்மென்ட் செய்கிறவர் எல்லோரும் ஆளைக் குறைத்தார்கள். 30 வருஷம் ஒரே பிரஸ்ஸில் நின்றவர் விருப்ப ஓய்வில் போனால், திரும்ப ஆர்டர் வரும்போது அவர் கை திரும்ப வராது. புதிதாக எடுக்கிற பையனுக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டே அச்சு நகர்ந்துவிட்டது என்று புரிய வருஷங்கள் ஆகும். இதற்கு நடுவில் 2022-ல் உக்ரைன் போர் வந்தது. ரஷ்ய டைட்டானியம் வாங்குவதைப் போயிங் நிறுத்தியது.

அவசரப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2024 ஜனவரி 5 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸின் ஒரு 737 மேக்ஸ் 9 மேலே ஏறிக்கொண்டிருந்தபோது, பயன்படுத்தாத கதவு இருக்கும் இடத்தை மூடும் பலகை பிய்ந்து போனது. நல்லவேளை, யாரும் இறக்கவில்லை. விசாரித்தால், போயிங்கின் ரென்டன் ஆலையில், பக்கத்தில் சில ரிவெட்டுகளைச் சரிசெய்வதற்காக அந்தப் பலகையைத் திறந்திருக்கிறார்கள். திரும்ப மூடியபோது நான்கு போல்ட்டுகளைப் போடவில்லை. திறந்ததற்கான காகிதமும் இல்லை. அந்த ரிவெட் குறை, விசிட்டா நகரத்து சப்ளையரிடமிருந்து ரயிலில் வந்த உடற்பகுதியோடு சேர்ந்து வந்தது. சப்ளையர் முடிக்காத வேலையை மெயின் லைனில் வைத்துச் செய்தால் இதுதான் ஆபத்து. அதன்பின் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் மாதம் 38-க்கு மேல் 737 செய்யக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டது. 42-க்கு உயர்த்த அனுமதி கிடைத்தது 2025 அக்டோபரில்தான். நடுவே 2024 செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை 33,000 தொழிலாளர்கள் வேலைநிறுத்தம். 348 என்ற எண் அப்படித்தான் வந்தது.

காகிதம் என்று சொன்னதும் கார் பாகம் செய்கிற உங்களுக்குச் சாதாரணமாகத் தோன்றலாம். என் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். உள்ளங்கை அளவு அலுமினியம் பிராக்கெட். டிராயிங்கில் இருக்கும் ஒவ்வொரு அளவுக்கும் சிவப்பு வட்டத்தில் ஒரு எண் போடுவோம், பலூன் என்போம். அந்தச் சின்னப் பாகத்தில் 140-க்கு மேல் பலூன். முதல் பீஸை சிஎம்எம் என்ற அளவெடுக்கும் மெஷினில் வைத்து இரண்டு நாள் அளந்தோம், எல்லாம் சரி. 40 பீஸ் ஓட்டி, அலுமினியம் அரிக்காமல் இருக்கச் செய்யும் அனோடைசிங்குக்கு வெளி யூனிட்டுக்கு அனுப்பினோம். திரும்பி வந்த சான்றிதழில் ஹீட் நம்பரின், அதாவது உலோகம் எந்த உருக்கலில் வந்தது என்று காட்டும் எண்ணின், கடைசி இலக்கம் தப்பு. 3 இருக்க வேண்டிய இடத்தில் 8. பாகம் பளபளவென்று இருக்கிறது, அளவில் குறையே இல்லை. ஆனால் எந்த உலோகத்திலிருந்து வந்தது என்ற சங்கிலி அறுந்துவிட்டது. 40 பீஸையும் சிவப்புப் பெட்டியில் போட்டுப் பூட்டினோம். அந்த அனோடைசிங் யூனிட்டின் தர அதிகாரி பழைய ரெக்கார்டு எல்லாம் தேடி, திருத்திய சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க 19 நாள் ஆனது. எனக்குக் கோபம் வரவில்லை. பல ஆயிரம் முறை ஏறி இறங்கப்போகிற ஒரு பொருளுக்கு அந்த 19 நாள் நியாயம். ஆனால் எங்கோ ஏர்பஸ்ஸின் ஹாம்பர்க் ஆலையில், பாகங்களைப் பிடித்து வைத்துச் சேர்க்கும் ஒரு ஜிக்கில் எங்கள் பிராக்கெட்டுக்காக ஒரு இடம் காலியாக இருந்திருக்கும். இதை லட்சக்கணக்கான பாகங்களால் பெருக்கினால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

டிக்கெட் விலையையும் சிலர் இதோடு சேர்த்துக் கேட்கிறார்கள். பொங்கலுக்கு மதுரை டிக்கெட் எகிறுவதற்குக் கூட்டம்தான் முதல் காரணம். ஆனால் விமானம் தட்டுப்பாடாக இருக்கும்போது வாடகை ஏறும், பழைய விமானத்தை இன்னும் சில வருஷம் ஓட்ட வேண்டி வரும், எரிபொருள் கூடுதலாகப் போகும். அந்தச் சுமையில் ஒரு பங்கு பயணிக்கு வந்துதான் சேரும்.

இப்போது உங்கள் மெஷினுக்கு வருகிறேன். மாதம் 75 ஏ320 என்பது ஏர்பஸ்ஸின் இலக்கு. 2022-ல் அதை 2025-க்குள் எட்டுவோம் என்றார்கள். 2023-ல் அது 2026 ஆனது. 2024-ல் 2027 ஆனது. 2022-ல் அந்த இலக்கைக் கேட்டுவிட்டு, 75-க்குத் தேவையான கொள்ளளவுக்குக் கடன் வாங்கி மெஷின் போட்டவரை நினைத்துப் பாருங்கள். ஆர்டர் எங்கும் போகவில்லை, நிலுவை ஒவ்வொரு வருஷமும் வளர்ந்துகொண்டேதான் இருந்தது. ஆனால் அவர் வட்டி கட்டிய மாதங்களில் அவருக்கு வந்த ஷெட்யூல் 75-க்கானது அல்ல. அவருக்கு மேலே இன்ஜின் வரவில்லை, சீட் வரவில்லை, கழிவறை மாட்யூல் வரவில்லை. அதனால் அவருடைய நல்ல பாகமும் தேவைப்படவில்லை. சங்கிலியில் மெதுவான கண்ணி எதுவோ, எல்லோரும் அதன் வேகத்தில்தான் நகர முடியும்.

அதற்காக இந்தப் பக்கம் வராதீர்கள் என்று சொல்ல மாட்டேன். வாய்ப்பு உண்மையானது. போயிங் இந்தியாவிலிருந்து வருஷத்துக்கு 1.25 பில்லியன் டாலர் அளவுக்கு வாங்குவதாகச் சொல்கிறது. ஏர்பஸ் 2030-க்குள் 2 பில்லியன் டாலருக்குப் போக நினைக்கிறது. தமிழ்நாடு 2022-ல் இதற்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்தது. பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஐந்தும் இருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் டிட்கோவின் விமானத் தொழிற்பூங்கா இருக்கிறது. போயிங்கின் பொறியியல் மையம் பெங்களூரோடு சென்னையிலும் இயங்குகிறது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்த காலத்திலிருந்து இந்த ஊருக்கு இதற்கான மூளை இருக்கிறது. காருக்குப் பாகம் செய்து பழகிய கைகளும் இருக்கின்றன. எனக்கு இதில் பெரிய நம்பிக்கை உண்டு.

ஆனால் காரும் இதுவும் வேறு. காரில் ஒரு பாகம் மாதம் 20,000 ஓடும், இங்கே 60 ஓடினால் பெரிய விஷயம். அங்கே வினாடிக் கணக்கில் சைக்கிள் டைம் பேசுவீர்கள். இங்கே செட்டிங்குக்கும் சோதனைக்கும் போகும் நேரம்தான் செலவு. விமானத் தொழிலுக்கான ஏஎஸ்9100 தரச் சான்று வாங்கி, முதல் பீஸ் ஒப்புதல் கிடைத்து, முதல் பில்லுக்குப் பணம் கைக்கு வர இரண்டு வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில் அதற்குக் குறைந்து நடந்ததில்லை. அதுவரை கார் வேலையை விட்டுவிடாதீர்கள். அதுதான் உங்கள் வீட்டுச் சாப்பாடு.

உங்களுக்கு ஆர்டர் தர வருகிற பெரிய கம்பெனி மொத்த நிலுவையைப் படம் போட்டுக் காட்டும். அதை மரியாதையோடு கேட்டுவிட்டு, எனக்கு உறுதியான பர்ச்சேஸ் ஆர்டர் எத்தனை மாதத்துக்கு, அதற்கு மேல் இருப்பது வெறும் கணிப்பா என்று கேளுங்கள். என் காலத்தில் ஆறு மாதம் உறுதியாக இருந்தால் நல்ல வாடிக்கையாளர் என்போம். மெட்டீரியல் அவர்கள் தருகிறார்களா, நீங்கள் வாங்கி அடைத்து வைக்க வேண்டுமா என்று கேளுங்கள். ஷெட்யூல் தள்ளிப்போனால் வாங்கி வைத்த டைட்டானியத்துக்கு யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு போதாது, எத்தனையோ சின்ன யூனிட்டுகள் அங்கேதான் மாட்டிக்கொண்டன. அப்புறம் அனோடைசிங், பாசிவேஷன், விரிசல் சோதனை இவை மாதிரியான சிறப்பு வேலைகளுக்கு விமானத் துறை தரும் நாட்கேப் ஒப்புதல் உள்ள யூனிட் உங்களுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, அவர்களிடம் எத்தனை நாள் வரிசை என்று நேரில் போய்ப் பாருங்கள். மெஷினை நீங்கள் பணம் கொடுத்து வாங்கிவிடலாம், அந்த வரிசையை வாங்க முடியாது. சென்னையில் இன்று குறைவாக இருப்பது ஃபைவ் ஆக்சிஸ் மெஷின் அல்ல, இந்த ஒப்புதல் பெற்ற யூனிட்டுகள்தான் என்பது என் கருத்து. உங்களைப் போல் நாலு பேர் சேர்ந்து அப்படி ஒன்று தொடங்கினால் நான் இன்னும் சந்தோஷப்படுவேன்.

வங்கியில் கையெழுத்துப் போடும் முன் அவர்கள் தரும் ஷெட்யூல் தாளை எடுத்துக்கொண்டு வாருங்கள். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் அம்பத்தூரில்தான் இருப்பேன். முதல் 18 மாதத்துக்கு மாத வாரியாக எத்தனை பீஸ், எத்தனை நாளில் பணம், எவ்வளவு வட்டி என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம்.